அவை வந்தன: மொழி மொடலுக்கு நாங்கள் வைத்த சோதினை

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் போனால் தீவகத்தில் முதலில் வருவது மண்டைதீவு. ஊர்காவற்றுறைக்கோ புங்குடுதீவுக்கோ போகிற பஸ்ஸில் இருக்கிற ஆட்கள் மண்டைதீவுச் சந்தியை ஜன்னலால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்களும் கன காலம் அப்படித்தான். இந்த வருசம்தான் எங்கள் குழுவில் நாலு பேர் அந்தச் சந்தியில் இறங்கத் தொடங்கினோம். 1990 ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்துக்குள் வந்தபோது ஊரை விட்டு ஓடி, பல வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் கதைகளைக் கேட்டு எழுதி வைப்பதுதான் எங்கள் வேலை.

முதல் வீட்டிலேயே ஆச்சி ஒரு நிபந்தனை போட்டா. "போனில பதியுங்கோ, பிரச்சினை இல்லை. ஆனா எங்கயும் அனுப்பிப் போடாதேங்கோ, பிள்ளையள்."

ஒலிப்பதிவைக் கேட்டுக் கையால் எழுதினோம். பேச்சுத் தமிழில் இருந்த பக்கங்களை எழுத்துத் தமிழாக்க செயற்கை நுண்ணறிவைப் பாவிக்கலாமா என்ற கேள்வி வந்தபோது ஆச்சியின் சொல்தான் முன்னுக்கு நின்றது. அதனால் இணையத்தில் எதையும் ஏற்றாமல், மடிக்கணினியிலேயே ஓடக்கூடிய இரண்டு சின்ன மொழி மொடல்களை இறக்கி வைத்துக்கொண்டோம். ஆச்சியின் ஒரு வசனத்தைக் கொடுத்தோம்:

"அண்டைக்குப் பின்னேரம் அவை வந்தவை, பேந்து அவங்கள் வந்தவங்கள்."

ஒரு மொடல் இப்படித் திருப்பித் தந்தது: "அன்று மாலை அவை வந்தன, பிறகு அவர்கள் வந்தார்கள்."

இதில் ஒரு பிழையும் இல்லை என்று வெளியூர் ஆள் சொல்லக்கூடும். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'அவை' என்றால் மரியாதைக்குரிய மனிதர்கள். ஆச்சி சொன்னது அயலட்டைச் சனத்தை. 'அவங்கள்' என்றால் மரியாதை இல்லாத பன்மை. யாரை ஆச்சி அப்படிச் சொன்னா என்பது விளங்கும். மொடலோ அயலட்டையை அஃறிணை ஆக்கி, மாடுகள் வந்ததுபோல 'வந்தன' என்று முடித்தது. அவங்களை 'அவர்கள்' என்று உயர்த்தி வைத்தது. யார் பக்கம் நின்று ஆச்சி கதைத்தாவோ, அந்தப் பக்கமே மாறிப்போயிற்று.

"அப்ப மற்ற மொடலைப் பாவிப்பம். உதைவிட அது தமிழ்ச் சோதினையில நாலு புள்ளி கூட" என்றாள் ஒரு தோழி. "அந்தப் புள்ளியை ஆர் போட்டது? எந்தச் சோதினையில?" என்று இன்னொருத்தன் கேட்டான். அந்த வாக்குவாதம் முடியாதபடியால்தான் இந்தக் கட்டுரை. நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள். கணக்கு எங்களுக்கு ஓ.எல். ஓடு போன சாமான். இருந்தும் இந்தப் புள்ளிகளின் வரலாற்றைத் தேடிப்போக வேண்டியதாயிற்று.

எழுத்தை எண்ணியவர்கள்

தீவகத்தாருக்கு 1913 என்றால் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கரம்பொனில் தனிநாயகம் அடிகள் பிறந்த ஆண்டு. அதே ஆண்டு ஜனவரியில், சென் பீற்றர்ஸ்பேர்க்கில் அந்திரேய் மார்க்கோவ் என்ற கணித அறிஞர் ஒரு விசித்திரமான வேலையைப் பற்றி உரையாற்றினார். புஷ்கினின் 'யூஜின் ஒனேகின்' என்ற செய்யுள் நாவலின் முதல் 20,000 எழுத்துகளை எடுத்து, எது உயிர், எது மெய் என்று எண்ணியிருந்தார். உயிர் 8,638, மெய் 11,362. பிறகு எது எதைத் தொடர்ந்து வருகிறது என்று பார்த்தார். ஓர் உயிருக்குப் பிறகு இன்னோர் உயிர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 13 சதவீதம், மெய்க்குப் பிறகு உயிர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 66 சதவீதம். முன்னால் வந்ததை வைத்துப் பின்னால் வருவதை ஊகிக்கலாம் என்பதுதான் செய்தி. இன்றைய மொழி மொடல்கள் செய்வதும் அடிப்படையில் அதுதான். எழுத்துக்குப் பதில் சொல்லையோ சொற்துண்டையோ ஊகிக்கின்றன.

தமிழ் படித்த எங்களுக்கு இது முழுக்கப் புதிது இல்லை. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று நன்னூல் பட்டியல் போட்டிருக்கிறது. இரண்டு உயிர் சந்தித்தால் நடுவில் உடம்படுமெய் வந்து நிற்கும்: மணி, அடித்தான், மணியடித்தான். மார்க்கோவின் அட்டவணையைத் தமிழுக்குப் போட்டால், உயிருக்குப் பின் உயிர் என்ற கட்டம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். எது வரலாம், எது வரக்கூடாது என்று இலக்கணம் சொல்கிறது. எவ்வளவு தரம் வருகிறது என்று புள்ளியியல் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

அடுத்த பெரிய அடி குளோட் ஷானனுடையது. 1948இல் தகவல் கோட்பாட்டை எழுதிய அவர், 1951இல் ஆங்கில உரைநடையை எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்று அளந்தார். முறை எளிது. ஒரு புத்தகத்தின் வசனத்தில் கொஞ்சத்தைக் காட்டி, அடுத்த எழுத்து என்ன என்று ஆளைக் கேட்பது. சரி வரும்வரை எத்தனை தரம் ஊகித்தார் என்று எண்ணுவது. நாங்களும் விளையாடிப் பார்க்கலாம். 'யாழ்ப்பா' என்று எழுதி நிறுத்தினால் அடுத்து 'ண' என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். 'க' என்று மட்டும் எழுதினால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்தும் ஓர் இடைவெளியும் சம வாய்ப்போடு வந்தால், ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 4.75 'ஓம், இல்லை' கேள்விகள் வேண்டும். முன்னுக்கு 100 எழுத்து தெரிந்திருந்தால் அது 0.6க்கும் 1.3க்கும் இடையில் இறங்கிவிடுகிறது என்று ஷானன் மதிப்பிட்டார். இந்த அளவுக்குப் பெயர் என்ட்ரோபி.

இது தமிழுக்கு வர கன காலம் எடுக்கவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, தமிழ் உரைநடையின் என்ட்ரோபி பற்றி 1963இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். கோலங்களின் இலக்கணத்தையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் கணக்கால் ஆராய்ந்தவரும் அவரே. அவர் காலத்துக் கேள்வி ஒன்று இன்றும் தீரவில்லை. தமிழில் எழுத்து என்றால் எது? 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் என்று 31ஐ எண்ணுவதா, உயிர்மெய்யையும் சேர்த்து 247ஐ எண்ணுவதா? எதை ஒன்று என்று எண்ணுகிறோமோ அதைப் பொறுத்து விடை மாறும்.

மண்டைதீவு என்ற பெயரையே எடுங்கள். ம, ண், டை, தீ, வு என்று எங்களுக்கு ஐந்து எழுத்து. கணினியின் யுனிகோட்டில் குறிகளை வேறு வேறாக வைப்பதால் அது ஒன்பது. அதைச் சேமிக்கும் பைட் கணக்கில் 27. மொழி மொடல் அதைத் தன் பாட்டுக்கு வேறு துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு மொடலின் வெட்டும் வேறு.

மொடலுக்கும் பாஸ்ற் பேப்பர்

மொடலின் தரத்தை அளக்கும் பழைய அளவுகளில் ஒன்று 'பெர்பிளெக்சிற்றி'. குழப்ப அளவு என்று சொல்லலாம். பேச்சறிதலில் வேலை செய்துகொண்டிருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெட்ரிக் ஜெலினெக் குழுவினர் 1977இல் முன்வைத்தது. ஒரு மொடலின் குழப்ப அளவு 20 என்றால், ஒவ்வொரு அடியிலும் சம வாய்ப்புள்ள 20 சொற்களுக்குள் எதை எடுப்பது என்று திண்டாடும் ஒருவரைப் போல அது இருக்கிறது என்று கருத்து. குறைந்தால் நல்லது. ஆனால் ஒரு மொடல் மண்டைதீவை மூன்று துண்டாகவும் இன்னொன்று பன்னிரண்டாகவும் வெட்டினால், துண்டுக்கு இவ்வளவு என்று வரும் இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. சிரோமணியின் 'எது ஒன்று?' என்ற கேள்வி அப்படியே திரும்பி வருகிறது. அதனால்தான் பலர் எழுத்துக்கோ பைட்டுக்கோ எவ்வளவு என்று மாற்றிக் கணக்கிடுகிறார்கள்.

இப்படிச் சேமித்து வைத்த கேள்வித்தாளில் மொடலை அளப்பதைத்தான் 'ஓஃப்லைன்' மதிப்பீடு என்கிறார்கள். உண்மையான ஆட்கள் பாவிக்கும்போது அளப்பது வேறு வகை. எங்கள் விசயத்தில் ஓஃப்லைன் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

அதற்கு ஒரு கட்டாய நிபந்தனை உண்டு: மொடல் படித்த பாடத்துக்குள் சோதினைக் கேள்வி இருக்கக்கூடாது. ரியூசனில் செய்த கேள்வியே பரீட்சையில் வந்தால் 90 எடுப்பது கெட்டித்தனம் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இணையம் முழுவதையும் வாரிப் படித்த மொடலுக்கு, இணையத்தில் கிடக்கும் கேள்வித்தாள் பெரும்பாலும் பாஸ்ற் பேப்பர்தான்.

மொழிபெயர்ப்புக்கு 2002இல் இன்னோர் அளவு வந்தது. ஐ.பி.எம்.இன் கிஷோர் பப்பினேனியும் கூட்டாளிகளும் செய்த 'புளூ' அது. மனிதர் செய்த மொழிபெயர்ப்போடு இயந்திரத்தினுடையதை வைத்து, ஒன்று முதல் நான்கு சொற்கள் வரையான தொடர்கள் எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணும். அடுத்த வருசமே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ருவான் வீரசிங்க சிங்களம், தமிழ் மொழிபெயர்ப்பைப் புள்ளியியல் முறையில் செய்து பார்த்ததை வெளியிட்டார். இரண்டு மொழிக்கும் நடுவில் எவ்வளவோ நடந்த நாட்டில் அது சின்ன விசயம் இல்லை. ஆனால் ஒட்டிக்கொண்டே போகும் தமிழுக்குப் புளூ கொஞ்சம் கொடூரமானது. 'மண்டைதீவிலிருந்து' என்று ஒருவரும் 'மண்டைதீவில் இருந்து' என்று இன்னொருவரும் எழுதினால் அதற்கு ஒரு சொல்லும் பொருந்தாது. 2015இல் மாயா பொப்போவிச் முன்வைத்த முறை சொல்லை விட்டு எழுத்துத் தொடர்களை எண்ணுவதால் தமிழுக்குக் கொஞ்சம் நியாயமானது.

சரி, கேள்வித்தாள் எங்கிருந்து வருகிறது? 2021இல் வந்த 'புளோரெஸ் 101' என்ற மொழிபெயர்ப்புச் சோதினைத் தொகுப்பில் தமிழ் உண்டு. மொத்தம் 3,001 வசனம். அவை விக்கிச் செய்தி, விக்கிப் பயணம் போன்ற ஆங்கிலப் பக்கங்களில் இருந்து எடுத்து, ஒவ்வொரு மொழிக்கும் மாற்றப்பட்டவை. பயனுள்ள தொகுப்புத்தான். ஆனால் அதில் தமிழ் என்பது ஆங்கிலச் செய்தியில் இருந்து வந்த எழுத்துத் தமிழ். அதில் 95 எடுத்தாலும் 'அவை வந்தவை' தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'தமிழில் நாலு புள்ளி கூட' என்ற பேச்சில் முதல் ஓட்டை இதுதான்: யாருடைய தமிழில்?

நாலு புள்ளி எவ்வளவு பெரிசு?

இரண்டாவது ஓட்டை அந்த நாலுக்குள்ளேயே இருக்கிறது.

100 கேள்வி கொடுக்கிறோம், ஒரு மொடல் 70, மற்றது 74 எடுக்கிறது என்று வைப்பம். இந்த 100 கேள்வி எங்கிருந்தோ விழுந்தவை. வேறு 100 கேட்டிருந்தால் புள்ளி மாறியிருக்கும். எவ்வளவு மாறும்? பழைய சூத்திரம் ஒன்று போதும். 0.7ஐ 0.3ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 0.046. அதைப்போல இரண்டு மடங்கு இரு பக்கமும் விட வேண்டும். அதாவது 70 என்பது உண்மையில் '61க்கும் 79க்கும் இடையில்' என்ற பேச்சு. 74ஓ '65க்கும் 83க்கும் இடையில்'. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இந்த இடைவெளியை மூன்று புள்ளிக்குக் குறைக்க வேண்டுமென்றால் கேள்விகள் ஏறத்தாழ 900 வேண்டும். மூன்றில் ஒன்றாக்க ஒன்பது மடங்கு வேலை.

ஒரே கேள்விகளை இரண்டும் செய்திருந்தால் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். குயின் மக்னமார் 1947இல் சொன்ன வழி இது. இரண்டும் சரியாகச் செய்தது 66, இரண்டும் பிழைத்தது 22 என்றால் அந்த 88 கேள்வியும் எங்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை. மிஞ்சுவது 12. அதில் ஒன்று 4ஐயும் மற்றது 8ஐயும் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு காசை 12 தரம் சுண்டினால் 8க்கு 4 என்றோ அதைவிடச் சாய்வாகவோ விழும் வாய்ப்பு 100க்கு 39. சும்மா காசு சுண்டினாலேயே அவ்வளவு தரம் வரக்கூடியதை வைத்து இது கெட்டிக்காரன், அது மொக்கு என்று எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பு ஆய்வாளர்களுக்கு இதைப் பழக்கியவர்களில் ஒருவர் பிலிப் கோன். பிராட்லி எஃப்ரான் 1979இல் உருவாக்கிய 'பூட்ஸ்ட்ராப்' முறையை 2004இல் அவர் இதற்குக் கொண்டுவந்தார். சோதினை வசனங்களைச் சீட்டுகளாக ஒரு பையில் போடுங்கள். ஒன்றை எடுத்து, குறித்துவிட்டு, திரும்பப் போடுங்கள். அப்படி 100 எடுத்தால் ஒரு புதிய கேள்வித்தாள். கணினியில் இதை 1,000 தரம் செய்து, எத்தனை தரம் இரண்டாவது மொடல் வெல்கிறது என்று பாருங்கள். 950 தரத்துக்கு மேல் வென்றால் ஓரளவு நம்பலாம்.

இதில் எங்களைப் போன்றவர்கள் விழக்கூடிய ஒரு குழி உண்டு. ஐந்து பேரிடம் ஆளுக்கு 20 வசனம் எடுத்தால் அது 100 தனித்தனி வசனம் ஆகாது. ஓர் ஆச்சியின் 20 வசனமும் ஒரே வாயில் வந்தவை. ஒன்றில் மொடல் தடுக்கினால் மற்றதிலும் தடுக்கும். ஆகவே பைக்குள் போட வேண்டியது வசனத்தை இல்லை, ஆளை. அப்படிச் செய்தால் எங்களிடம் இருப்பது 100 இல்லை, கிட்டத்தட்ட ஐந்துதான் என்பது வெளிச்சமாகும். கடலுக்குப் போகிறவரின் தமிழும் வாத்தியாரின் தமிழும் ஒன்று இல்லை. நெடுந்தீவுப் பேச்சும் மண்டைதீவுப் பேச்சும் அப்படியே ஒன்று இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது, கணக்கைக் கண்டு பயந்து கலைப்பீடத்துக்கு வந்த நாங்கள் ஒன்றை நினைத்துச் சிரித்தோம். இந்த நாட்டில் புள்ளியியலின் கையால் அடி வாங்காத மாணவத் தலைமுறை எது? 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல். எங்கள் காலத்தில் இசட் ஸ்கோர். உங்கள் புள்ளியில் இருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது அது. அந்தச் சராசரி எந்தக் கூட்டத்தினுடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2011 ஏ.எல். பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதியதில் ஒரு கூட்டமும் தோற்றின. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இசட் ஸ்கோர் போட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்தக் கணிப்பு இரத்தாகி, இரண்டையும் வேறு வேறு கூட்டமாக எடுத்துத் திரும்பக் கணிக்க வேண்டி வந்தது. வெவ்வேறு கூட்டத்தை ஒரு சராசரிக்குள் போட்டால் யாரோ ஒருவருக்கு அநியாயம் நடக்கும் என்று எங்களுக்குப் புத்தகம் சொல்லித்தரத் தேவையில்லை. 'தமிழ்: 74' என்ற ஒற்றை இலக்கமும் அப்படிப்பட்ட ஒரு சராசரிதான்.

எங்கள் கேள்வித்தாள்

வாக்குவாதம் முடிந்து நாங்கள் செய்யத் தொடங்கியது இது. ஒலிப்பதிவுகளில் இருந்தும், வெளியில் யாரிடமும் கொடுக்காத எங்கள் கொப்பிகளில் இருந்தும் வசனங்களைச் சேர்க்கிறோம். யார் சொன்னது என்பதற்குப் பெயர் இல்லை, ஓர் இலக்கம் மட்டும். தீவகப் பேச்சில் அர்த்தம் கவிழக்கூடிய இடங்களைத் தேடி எடுக்கிறோம். 'அவை, அவங்கள், அதுகள்' ஒன்று. 'இது, அது' இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 'உது' இன்னொன்று. 'பேசினவர்' என்றால் எங்களுக்கு ஏசினவர். மொடலுக்குச் சும்மா கதைத்தவர். 'வடிவாச் சொல்லு' என்றால் அழகாகச் சொல்வது இல்லை, விளக்கமாகச் சொல்வது.

விடை திருத்துவது இரண்டு பேர். எந்த விடை எந்த மொடலினுடையது என்று அவர்களுக்குத் தெரியாது. இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்றும் பார்க்கிறோம். அதிலும் ஒரு சூக்குமம் உண்டு. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கு 80க்குச் சரி போட்டாலே 68 இடத்தில் தற்செயலாக ஒத்துப்போவார்கள். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கும் அளவை ஜேக்கப் கோஹன் 1960இல் தந்தார். அதற்குப் பெயர் 'கப்பா'.

பிழைகளை ஒரே தட்டில் போடுவதையும் விட்டுவிட்டோம். ஒற்று மிகாதது ஒரு வகை. யார் யாருக்கு என்ன செய்தார் என்பது மாறுவது இன்னொரு வகை. ஆச்சியின் வசனத்தில் பிழைத்தது இரண்டு பெயரும் அவற்றின் முடிபுகளும் மட்டும். சராசரியில் அது தூசி. ஒரு சாட்சியத்தில் அது எல்லாமே. ஆகவே இரண்டாவது வகைக்குத் தனி எண்ணிக்கை. அதைச் சராசரிக்குள் கரைப்பதில்லை.

இன்னும் நூறு வசனம் சேரவில்லை. சேர்ந்தாலும் பத்துப் பதினைந்து பேரின் குரல்தான் அதில் இருக்கும். எந்த மொடல் சிறந்தது என்று அதை வைத்துச் சொல்ல மாட்டோம். எந்த இடத்தில் எதை நம்பக்கூடாது என்று மட்டும் சொல்லலாம். எங்களுக்கு இப்போதைக்கு அது போதும். நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தோழர்கள் உங்கள் வீட்டு ஆட்களிடம் கேட்டு வசனம் சேர்த்தால், பைக்குள் போட ஆட்கள் கூடும். கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும்.

போன கிழமை ஆச்சியிடம் திரும்பப் போனோம். மொடல் எழுதியதை வாசித்துக் காட்டினோம். 'அவை வந்தன' என்ற இடத்தில் ஆச்சி கையைக் காட்டி நிற்பாட்டினா.

"ஆர் பிள்ளை வந்தது, ஆடு மாடே?"

அது எங்கள் தாளில் முதலாம் கேள்வி. அதில் இரண்டு மொடலும் பெயில். ஆச்சியின் மிச்சப் பதிவை இன்னும் கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.